போத்தல் மூடி முதல் சேது காசு வரை: ஏன் சேர்க்கிறோம்?

யாழ்ப்பாணத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக முத்திரையும் காசும் சேர்த்துவரும் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்: ஐயா, என் மகனுக்குப் பத்து வயது. சோடாப் போத்தல் மூடிகளைப் பொறுக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறான். தொட்டால் அழுகிறான். இது என்ன பைத்தியம்?

பைத்தியம் இல்லைத் தங்கச்சி, வயது. 1900இல் கலிபோர்னியாப் பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் எதையோ சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதுக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் அந்த ஆசை உச்சத்தில் இருந்தது. எத்தனை மணிக்கு எழும்புவது, எந்த ரியூசனுக்குப் போவது, என்ன சாப்பிடுவது, எல்லாவற்றையும் நீங்கள் முடிவு செய்கிறீர்கள். எந்த மூடிக்குப் பக்கத்தில் எந்த மூடி என்பதை மட்டும் அவன் முடிவு செய்கிறான். கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள், எறும்பு வரும். மற்றபடி தொடாதீர்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர்: அப்பப்பாவின் றங்குப் பெட்டியில் ‘சிலோன்’ முத்திரைகள் முந்நூறு கிடைத்தன. விற்றால் என்ன வரும்? பணத்துக்காகத்தானே எல்லோரும் சேர்க்கிறார்கள்?

தம்பி, ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு வரலாம். வயதானது என்பதற்காக முத்திரைக்கு விலை ஏறாது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. இலங்கையின் முதல் முத்திரை, விக்டோரியா மகாராணியின் தலை போட்ட ஆறு பென்ஸ், 1857இல் வந்தது. அது பெட்டிக்குள் இருந்தால் உடனே ஓடி வாருங்கள். ஐம்பதுகளில் கட்டுக்கட்டாக அச்சிட்டவை என்றால் ஆறுதலாக வாருங்கள்.

விற்கப்போகிறவர் கண்ணுக்கு விலை எப்போதும் கூடத்தான் தெரியும். உளவியலாளர் டானியல் கானமனும் இன்னும் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேரிடம் கோப்பை கொடுத்து விலை கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்டது, வாங்க வந்தவர்கள் சொன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்றுமுன் கிடைத்த கோப்பைக்கே அப்படி என்றால் அப்பப்பாவின் பெட்டிக்கு எப்படி இருக்கும்?

விற்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 1972 மே மாதத்துக்கு முன்னும் பின்னும் வந்த முத்திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலப் பெயர் அடியோடு மாறியிருக்கும். சிங்களப் பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ ஏறியிருக்கும். தமிழில் மட்டும் அன்றும் இலங்கை, பிறகும் இலங்கை. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இடுக்கியோடு உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கண்ணில் பட்டது. நான் சேர்ப்பது அப்படிப்பட்ட மத்தியானங்களுக்காக.

சாவகச்சேரியிலிருந்து ஒரு வியாபாரி: சேது காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

வாங்கி ஏமாந்தவனிடம் கேட்கிறீர்கள். யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட அந்தக் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் இருக்கும். என்னுடையதிலும் எல்லாம் இருந்தன. கூடவே விளிம்பைச் சுற்றித் தையல் போல ஒரு மெல்லிய கோடும் இருந்தது. வீட்டில் பூதக்கண்ணாடி வைத்த பிறகுதான் தெரிந்தது. அச்சு வைத்து அடித்த அசல் காசில் அந்தக் கோடு வராது, உருக்கி வார்த்த போலியில்தான் வரும்.

மண்ணில் கிண்டி எடுத்தது என்று சொன்னால் கையை எடுத்துவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை. வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் அகழ்ந்தெடுத்த காசுகள் இன்றும் பேசப்படுவது, அவை கந்தரோடையில் கிடைத்தவை என்று தெரிவதால்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு மகள்: யாழ்ப்பாணத்தைவிட்டுச் சனம் போருக்குப் பயந்து வெளியேறிய 1995 இடம்பெயர்வில் அப்பா நகைப்பெட்டியை மறந்து கடிதக்கட்டைத் தூக்கி வந்தார். அம்மா இன்றும் திட்டுகிறார். இதுவும் சேகரிப்பா?

பிள்ளை, அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நானும் நாவற்குழிப் பக்கம் மழையில் நின்றேன். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, பிடித்து நடத்திய கையில் அம்மா. அல்பம் மூன்றும் வீட்டு அலுமாரியில். அடுத்த ஆண்டு திரும்பியபோது இரண்டைக் காணவில்லை. மூன்றாவதைக் கறையான் பாதி தின்றிருந்தது. முத்திரையைவிடப் பின்னால் இருந்த பசைதான் அதற்குப் பிடித்திருக்கிறது. அதே முத்திரைகளைப் பிறகு சுலபமாக வாங்கி வேறு அல்பத்தில் வைத்துவிட்டேன். ஓட்டை விழுந்த பக்கங்களையும் வைத்திருக்கிறேன். எதற்கு இரண்டும் என்று மனைவி கேட்டால் சொல்லப் பதில் இல்லை.

உங்கள் அப்பா செய்ததைச் சேகரிப்பு என்று சொல்லமாட்டேன். எங்களைப் போன்றவர்கள் இல்லாததைத் தேடி அலைகிறோம், அவர் இருந்ததைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நகையை எப்போதும் வாங்கலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள். இன்றைய பவுண் விலையில் அது எடுபடாது.

நல்லூரிலிருந்து ஒரு மருமகள்: மாமா வெற்று ஜாம் போத்தலைக்கூட எறியவிடமாட்டார். நோயா?

பொருட்களைக் குவிப்பதைத் தனி நோயாக அமெரிக்க உளமருத்துவக் கையேடு 2013இல் சேர்த்தது உண்மை. கட்டிலுக்குப் போக வழி இல்லை, அடுப்பில் சட்டி வைக்க இடம் இல்லை என்றால் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். வெறும் ஜாம் போத்தல் என்றால், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அதற்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் போட்டு எரித்த விளக்கில்தான் உங்கள் கணவர் படித்திருப்பார். ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுங்கள்.

வட்டுக்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: ஒரு தொடரை முழுதாகச் சேர்த்து முடித்ததும் சலித்துவிட்டது. ஏன்?

தேடல் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்ததைத் தொடங்குங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்: கைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதாதா?

படிப்பதற்குப் போதும். 1981இல் யாழ் பொது நூலகத்தோடு எரிந்த 97,000 அளவான நூல்களிலும் சுவடிகளிலும், வேறெங்கும் பிரதி இல்லாதவைதான் அடியோடு போயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளம் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்பிரதியாக்கியிருக்கிறது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தொட்டால் உதிரும் ஏடுகளைத் தேடிச் சேர்த்ததும் பெட்டியில் பூட்ட அல்ல, அச்சேற்ற. ஆகவே படம் எடுங்கள். எடுத்த பிறகு மூலத்தை எறிந்துவிடாதீர்கள்.

உரும்பிராயிலிருந்து ஒரு சிறுவன்: கடித உறையிலிருந்து முத்திரையைக் கழற்றுவது எப்படி?

முதலில் தபாற்கந்தோர் குத்திய ஊர்ப் பெயரும் திகதியும் தெளிவாக இருக்கிறதா என்று பார். இருந்தால் கழற்றாதே, உறையோடு வை. இல்லையென்றால் முத்திரையைச் சுற்றிக் கடதாசியை வெட்டி, சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்கவிடு. தானாக வழுக்கி வரும், நகத்தால் சுரண்டாதே. ஸ்டிக்கர் போல ஒட்டும் புதிய வகை பெரும்பாலும் தண்ணீருக்கு மசியாது. அதைக் கடதாசியோடு வெட்டி வைத்துக்கொள்.