மலாவிக்கு எக்ஸ்ரே அனுப்ப நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

மலாவி, சாம்பியா நாடுகளின் மாவட்ட மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவுகளை அமைத்துக் கொடுத்துவிட்டுக் கம்பத்துக்குத் திரும்பியிருக்கும் மூத்த ரேடியோகிராபர் ஒருவர், தேனி, இடுக்கி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கூடலூர், மருத்துவர்: எங்கள் நர்சிங் ஹோமில் புது டிஜிட்டல் எக்ஸ்ரே வாங்கிவிட்டோம். நன்றாக ஓடும் பழைய எந்திரத்தை ஆப்பிரிக்காவில் ஓர் ஏழை மருத்துவமனைக்குக் கொடுக்க விரும்புகிறோம். எப்படி அனுப்புவது?

கப்பலைப் பற்றிப் பிறகு பேசலாம், டாக்டர். முதலில் அந்த ஊரின் மின்சாரத்தை ஒரு வாரம் அளந்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், விடியற்காலையில் 230 வோல்ட் காட்டும் மீட்டர், பக்கத்துச் சோள மாவு மில் ஓடத் தொடங்கியதும் 170-க்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் எடுத்த நெஞ்சுப் படத்தில் விலா எலும்பைக்கூடப் பிரித்தறிய முடியாது. மலாவியிலும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால், வேறு வோல்ட்டில் ஓடும் அமெரிக்க எந்திரங்களுக்கு ஏற்படும் சிக்கல் நம் எந்திரங்களுக்கு இல்லை. ஆனால் த்ரீ ஃபேஸ் இணைப்பு கிடைக்காத இடத்துக்குப் பேட்டரியில் ஓடும் மொபைல் எந்திரம்தான் சரிப்படும்.

அடுத்தது சர்வீஸ் பாஸ்வேர்டு. அதையும் மானுவலையும் கேட்டு வாங்காமல் அனுப்பினால், சிறு கோளாறு வந்தாலும் அங்குள்ள டெக்னீஷியனால் மென்பொருளுக்குள் நுழையவே முடியாது. வசதி குறைந்த நாடுகளில் உள்ள மருத்துவக் கருவிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் ஓடாமல் கிடப்பதாக 2011-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே கருவி நன்கொடைக்கு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. கொடுப்பவர்கள்தாம் அதைப் படிப்பதில்லை. மூன்றாவதாக, படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதப்போகிறவர் யார் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத வரையில் எந்திரத்தைப் பெட்டியில் அடைக்காதீர்கள்.

கம்பம், ரேடியோகிராபி மாணவர்: அண்ணே, அங்கே சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?

வேலைவாய்ப்பு என் துறை இல்லை, தம்பி. அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலில் முறைப்படி பதிவு செய்யாமல் விமானம் ஏறாதீர்கள்.

சின்னமனூர், சமூக சேவகர்: பழைய ஸ்கேன் எந்திரம் ஒன்று இருக்கிறது. தான்சானியாவுக்கு அனுப்பலாமா?

கூடலூர் டாக்டருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: மின்சாரம், பாஸ்வேர்டு, ரிப்போர்ட் எழுத ஆள்.

வண்டிப்பெரியாறு, தேயிலைத் தோட்டக் கண்காணிப்பாளர்: எங்கள் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் கர்ப்பிணிகள் ஒரு ஸ்கேனுக்காக ஜீப்பில் குலுங்கி மலையிறங்குகிறார்கள். கடல் தாண்டிப் போகும் கருணை இந்த மலைக்கு ஏறி வரக் கூடாதா?

உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. இருந்தாலும் இங்குள்ள சிக்கலும் ஆப்பிரிக்காவில் உள்ள சிக்கலும் ஒன்றல்ல. இங்கே எந்திரமும் உண்டு, படித்த டாக்டரும் உண்டு. பாதையும் ஒரு நாள் கூலியும்தான் குறுக்கே நிற்கின்றன. அங்கே நாள் முழுக்க நடந்து போய்ச் சேர்ந்தாலும் மருத்துவமனையில் ஸ்கேன் அறையே இருப்பதில்லை.

குமுளி, செவிலியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். செல்போனில் செருகும் கையடக்க ஸ்கேன் கருவியை அங்கே நர்ஸ்களே பயன்படுத்துகிறார்களே, அதை நாங்கள் லயத்துக்கு எடுத்துப் போனால் என்ன?

கூடவே கூடாது, அம்மா. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஸ்கேன் எந்திரத்தை இடம் குறிப்பிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். தேனியில் பதிவான கருவி குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி வேலை செய்தால், அது சிறை வரைக்கும் போகக்கூடிய குற்றம்.

வண்டிப்பெரியாறு: சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாயின் உயிரை யார் பார்ப்பது?

அந்தச் சட்டமும் உயிரைக் காக்க வந்ததுதான். ஸ்கேன் பார்த்துப் பெண் கருவைக் கலைத்த கொடுமையை நாம் மறந்துவிட முடியாது. அதனால் அதைத் தளர்த்தச் சொல்லும் எந்தக் கோரிக்கையிலும் நான் கையெழுத்திட மாட்டேன். ஆனால் மற்ற மருத்துவச் சேவைகளும் சேர்ந்த நடமாடும் மருத்துவ ஊர்தியில், முறையாகப் பதிவு செய்து ஸ்கேன் வைத்துக்கொள்ள விதிகளில் இடமிருக்கிறது. 24 வாரத்துக்கு முன்பு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது 2016-இல் உலக சுகாதார நிறுவனம் செய்த பரிந்துரை. அதைச் சுட்டிக்காட்டி, தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் சேர்ந்து இடுக்கி மாவட்ட நிர்வாகத்திடம் ஊர்தி கேளுங்கள். மனு எழுத நான் துணை நிற்கிறேன்.

போடி, தொழிலதிபர்: பழைய சி.டி. ஸ்கேன் எந்திரம்...

கூடலூர் டாக்டருக்கு முதலில் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தேனி, மருத்துவ மாணவி: மலாவி போன்ற ஏழை நாட்டில், காந்தத்தால் உடலுக்குள் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. எந்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

நல்ல கேள்வி. 2008-இல் மலாவியின் பிளான்டயர் நகர அரசு மருத்துவமனைக்கு அந்நாட்டின் முதல் எம்.ஆர்.ஐ. வந்தது. அதன் காந்தத் திறன் குறைவு, 0.35 டெஸ்லாதான். மூளையைத் தாக்கும் மலேரியாவால் மயங்கிக் கிடந்த குழந்தைகளை அதில் படமெடுத்துப் பார்த்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. வீங்கிய மூளை, மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியை அழுத்தியதே சாவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று 2015-இல் வெளியிட்டார்கள். அந்த ஊரின் நோயை அந்த ஊரிலேயே படமெடுத்ததால்தான் இது தெரிய வந்தது.

உத்தமபாளையம், முகாம் அமைப்பாளர்: காசநோய்ப் படங்களைக் கணினியே படித்துவிடுமாமே, டாக்டர் எதற்கு?

15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்க, கணினி மென்பொருள் படத்தைப் படிக்கலாம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பரிந்துரை குழந்தைகளுக்குப் பொருந்தாது; எலும்பு முறிவுக்கும் பொருந்தாது. சந்தேகம் என்று கணினி காட்டியவருக்குச் சளிப் பரிசோதனை செய்ய அதே முகாமில் ஏற்பாடு இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.