வெப்சைட் செய்யப் பழக எந்த மொழியில் தொடங்குவது? வாசகர் கேள்வி – பதில்

வெப்சைட் உருவாக்கும் வேலையைப் புதிதாகக் கற்க விரும்புகிறவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பிளஸ் டூவில் வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் படித்தேன். பிஹெச்பி என்ற கணினி மொழி அங்கேதான் அறிமுகம். இப்போது பி.காம் இரண்டாம் ஆண்டு. கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்க ஆசை. அண்ணன் ஜாவாஸ்கிரிப்ட் படி என்கிறார். தோழி பைத்தான்தான் சுலபம் என்கிறாள். பிஹெச்பி காலாவதி ஆகிவிட்டது என்று யூடியூபில் சொல்கிறார்கள். எதை முதலில் எடுப்பது?
– வாசகி, தேனி

ஜாவாஸ்கிரிப்ட். காரணத்தைத் தெரிந்துகொண்டால் இனி யார் என்ன சொன்னாலும் குழம்ப மாட்டீர்கள்.

ஒரு வெப்சைட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. பார்ப்பவரின் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் பிரவுசர் ஒன்று, எங்கோ இருந்து பக்கத்தை அனுப்பும் கம்ப்யூட்டரான சர்வர் மற்றொன்று. பிரவுசருக்கு நேரடியாகப் புரிவது ஹெச்டிஎம்எல் (பக்கத்தின் அமைப்பு), சிஎஸ்எஸ் (தோற்றம்), ஜாவாஸ்கிரிப்ட் (இயக்கம்). பிஹெச்பியும் பைத்தானும் சர்வரில் ஓடி, ஹெச்டிஎம்எல்லைத் தயாரித்து அனுப்புபவை. ஆகவே சர்வருக்கு எந்த மொழியை எடுத்தாலும் பிரவுசர் பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டியிருக்கும். அதையே சர்வரிலும் ஓட்ட, 2009இல் வந்த நோட் ஜேஎஸ் இருக்கிறது. ஒரு மொழியைக் கற்று இரண்டு பக்கமும் வேலை செய்யலாம் என்பது தொடக்கக்காரருக்குப் பெரிய லாபம்.

அதற்கு முன் நான்கு வாரம், தினம் ஒரு மணி நேரம், ஹெச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் ஒதுக்குங்கள். பதினோராம் வகுப்பில் பார்த்தவைதான், சீக்கிரம் ஞாபகம் வந்துவிடும். பாடத்தைத் திரும்பப் படிப்பதைவிட, தெரிந்த ஒரு கடைக்கு ஒரே ஒரு பக்கம் செய்யுங்கள்: பெயர்ப்பலகை, விலைப்பட்டியல், தொட்டால் அழைப்பு போகும் போன் நம்பர், விசாரணைப் படிவம். முடித்ததும் செல்போனில் திறந்து பாருங்கள். எழுத்து எறும்பு அளவு தெரிந்தால், தலைப்பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் (திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வரி) விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த வரி இல்லாத பக்கத்தைச் செல்போன் பிரவுசர் சுமார் 980 பிக்சல் அகலமுள்ள கம்ப்யூட்டர் பக்கமாக எண்ணிச் சுருக்கிவிடும்.

பிறகு எட்டு வாரம் ஜாவாஸ்கிரிப்ட். வேரியபிள், நிபந்தனை, லூப், ஃபங்ஷன், அர்ரே, ஆப்ஜெக்ட் ஆகியவற்றுக்கு மூன்று வாரம். பட்டனை அழுத்தினால் பக்கத்தில் எழுத்து மாறுவது, படிவத்தில் போன் நம்பர் பத்து இலக்கம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது போன்றவற்றுக்கு மூன்று வாரம். வெளியிலிருந்து தகவலை வாங்கிக் காட்டும் ஃபெட்ச்சுக்கு மீதி. இதில் ஃபெட்ச்தான் சிக்கலானது, அவசரப்படாதீர்கள்.

படித்த பிஹெச்பி வீணா? இல்லவே இல்லை. உலக வெப்சைட்டுகளில் பத்தில் நான்குக்கு மேல் ஓடும் வேர்ட்பிரஸ், பிஹெச்பியில் எழுதப்பட்டது. 2020இல் வந்த எட்டாம் பதிப்புக்குப் பிறகும் பிஹெச்பி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. குறைந்த வாடகை ஹோஸ்டிங்கில் (வெப்சைட்டை வைக்க சர்வரில் எடுக்கும் இடம்) ஃபைலை ஏற்றினாலே ஓடும் வசதி மற்ற மொழிகளுக்கு இந்த அளவு கிடையாது. கடைக்காரர்களிடம் வேலை எடுப்பதாக இருந்தால் நான்காவது மாதத்தில் பிஹெச்பிக்குத் திரும்புங்கள். விசாரணைப் படிவம் அனுப்பும் தகவலை வாங்கிச் சேமிக்க அதுவே போதும். அதுவரை மொழியை மாற்றாதீர்கள். மூன்று வாரம் இது, மூன்று வாரம் அது என்று தாவினால் எல்லாவற்றிலும் முதல் பாடம் மட்டுமே தெரிந்தவராக நிற்க வேண்டிவரும்.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றா? ஜாவா கோர்ஸில் சேர்ந்தால் இதுவும் வந்துவிடுமா?
– வாசகர், வந்தவாசி

வராது. இரண்டும் வெவ்வேறு மொழிகள். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995இல் பத்தே நாளில் உருவாக்கிய மொழிக்கு முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்று பெயர். அப்போது ஜாவாவுக்கு இருந்த மவுசைப் பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் என்று மாற்றினார்கள். பணம் கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மளிகைக் கடைக்கு பில் கணக்குப் போடும் பக்கம் செய்கிறேன். ஒரு பெட்டியில் 50, இன்னொன்றில் 75 போட்டுக் கூட்டினால் 125 வராமல் 5075 வருகிறது. கழித்தால் மட்டும் சரியாக வருகிறது. என் கோடில் தப்பா, மொழியிலேயே தப்பா?
– வாசகர், சங்கரன்கோவில்

ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கும் எல்லோரும் இடறுகிற இடம் இது. ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால் பிறகு எத்தனையோ பிழைகளை நீங்களே பிடிப்பீர்கள்.

பெட்டியில் அடிப்பது எண்ணாகவே இருந்தாலும், அதன் மதிப்பை வாங்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதை எழுத்துச் சரமாகத்தான், அதாவது ஸ்ட்ரிங்காகத்தான், கொடுக்கும். பெட்டியின் வகையை நம்பர் என்று வைத்தாலும் இதே கதைதான். கூட்டல் குறிக்கு இந்த மொழியில் இரண்டு வேலை: எண்களாக இருந்தால் கூட்டும், ஒரு பக்கமாவது ஸ்ட்ரிங்காக இருந்தால் ஒட்டும். "50"ஐயும் "75"ஐயும் ஒட்டினால் 5075. கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் ஒட்டும் வேலை கிடையாது. அங்கே ஸ்ட்ரிங்கை மொழியே எண்ணாக்கிக்கொள்ளும். அதனால்தான் கழித்தல் சரியாக வந்தது.

பெட்டியிலிருந்து எடுத்த கையோடு இரண்டையும் நம்பர் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எடுங்கள் (முதல் எழுத்து கேப்பிடல்). மூன்று இடங்களில் கவனம் வேண்டும். பெட்டி காலியாக இருந்தால் பிழை காட்டாமல் 0 கொடுக்கும். 1,250 என்று கமா போட்டு அடித்தாலும், 50 ரூ என்று அடித்தாலும், எண்ணே இல்லை என்பதற்கான என்ஏஎன் என்ற மதிப்பைக் கொடுக்கும். அது கணக்கில் ஒரு இடத்தில் நுழைந்தால் கடைசி மொத்தம் வரைக்கும் என்ஏஎன்தான்.

அடுத்து பைசா. பிரவுசரில் எஃப்12 அழுத்தினால் வரும் கன்சோலில் 0.1 + 0.2 என்று அடித்துப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். நாம் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவதுபோல, கம்ப்யூட்டரின் இரும எண் முறையில் பத்தில் ஒரு பங்கு முடிவில்லாமல் போகும், ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். பைத்தானிலும் இதே விடைதான். ஆகவே விலையைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். 12.50 ரூபாயை 1250 என்று வைத்துக் கணக்கை முடித்து, காட்டும்போது மட்டும் 100ஆல் வகுத்து டூஃபிக்ஸ்டு என்ற ஃபங்ஷன் கொண்டு இரண்டு தசம இடம் காட்டுங்கள். டூஃபிக்ஸ்டு திருப்பித் தருவது மறுபடி ஸ்ட்ரிங். அதோடு எதையாவது கூட்டப்போனால் பழைய 5075 திரும்பி வந்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் நன்றாக வந்தது. வெப்சைட்டுக்காக அதை விட்டுவிட வேண்டுமா?
– மாணவர், பெரம்பலூர்

விட வேண்டாம். கையில் ஒரு மொழி இருக்கிறவருக்கு எங்கள் பதில் வேறு. சர்வர் பக்கத்துக்குப் பைத்தானையே வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் வெப்சைட் செய்ய உதவும் ஃப்ளாஸ்க் என்ற தொகுப்பில் ஏழெட்டு வரியில் முதல் பக்கம் வந்துவிடும். அது பழகியபின், அதைவிடப் பெரிய தொகுப்பான, 2005 முதல் இருக்கும் ஜாங்கோ. லாகின், நிர்வாகப் பக்கம் எல்லாம் அதோடு தயாராக வரும். பிரவுசரிலும் பைத்தானை ஓட்ட வழி இருக்கிறது, ஆனால் பக்கம் திறப்பதற்குள் பல எம்பி இறங்கும். சாதாரண கடை வெப்சைட்டுக்கு அது ஏற்றதல்ல. எனவே அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ளுங்கள். லூப்பும் ஃபங்ஷனும் புரிந்தவர் என்பதால் நாலைந்து வாரம் போதும்.

மாறும்போது இரண்டு இடம் உங்களை ஏமாற்றும். ஐந்து பேர் உள்ள பட்டியலில் பத்தாவது ஆளைக் கேட்டால் பைத்தான் உடனே பிழை சொல்லி நிறுத்தும். ஜாவாஸ்கிரிப்ட் 'அன்டிஃபைன்டு' என்று கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் மேலே போகும், பிழை வேறெங்கோ வெடிக்கும். காலிப் பட்டியலை நிபந்தனையில் வைத்தால் பைத்தான் அதைப் பொய் என்று எடுக்கும், ஜாவாஸ்கிரிப்ட் உண்மை என்று எடுக்கும். பட்டியலின் நீளம் 0தானா என்று நேராகக் கேட்டுப் பழகுங்கள்.

வீடியோவில் உள்ளபடியே ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.
– வாசகி, மார்த்தாண்டம்

பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். கன்சோல் என்ற பகுதியில் சிவப்பு வரி இருக்கும், அதன் வலது ஓரத்தில் ஃபைல் பெயரும் வரி எண்ணும் இருக்கும். கன்சோலைத் திறந்து வைக்காமல் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவது இருட்டில் ஊசி கோர்ப்பது போலத்தான்.

அந்த வரியில் 'நல்' (தேடியது இல்லை என்று அர்த்தம்) என்ற சொல் இருந்தால், உங்கள் ஸ்கிரிப்ட் டேக் தலைப்பகுதியில் இருக்கக்கூடும். பிரவுசர் மேலிருந்து கீழே படிக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் பட்டன் இன்னும் பிறக்கவே இல்லை. தனி ஃபைலாக இருந்தால் டேக்கில் 'டிஃபர்' என்ற சொல்லைச் சேருங்கள், இல்லாவிட்டால் ஸ்கிரிப்டை, பக்கத்தின் 'பாடி' டேக் முடியும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். இதைச் செய்தும் 'நல்' போகவில்லை என்றால் பட்டனின் ஐடியைப் பாருங்கள், சிறிய எழுத்து பெரிய எழுத்து மாறியிருக்கும்.

சின்டாக்ஸ் பிழை (எழுதும் முறையில் தவறு) என்றால் மேற்கோள் குறிகளைப் பாருங்கள். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டிய கோடில் நேர்க்குறிக்குப் பதில் வளைந்த குறி வந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், மொழிக்கு வேறு.

சிவப்பு வரியில் 'நாட் ஃபவுண்ட்' (ஃபைல் கிடைக்கவில்லை) என்று இருக்கிறதா? உங்கள் ஃபைல் ஓடவே இல்லை. நோட்பேடில் சேமித்தால் பெயரின் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதை மறைத்துவிடும். ஃபோல்டரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் குட்டு வெளிப்படும். இலவசமாகக் கிடைக்கும் விஎஸ் கோடு என்ற எடிட்டருக்கு மாறிவிடுங்கள், இந்தத் தொல்லை இராது.

லேப்டாப் இல்லை. செல்போனிலேயே கற்க முடியுமா?
– வாசகர், அறந்தாங்கி

முதல் இரண்டு மாதம் முடியும். கோட் எழுதும் எடிட்டர் செயலிகள் ஆண்ட்ராய்டில் இலவசமாக உண்டு. ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டின் அடிப்படை எல்லாம் அதில் பழகலாம். செல்போன் குரோமில் முன்பதிலில் சொன்ன கன்சோல் கிடையாது, பிழை தேடும் வேலை தொடங்கியதும் திணறுவீர்கள். அப்போது பழைய லேப்டாப் போதும். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த வேலைக்கு கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை, அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

வேலைக்கு எல்லோரும் ரியாக்ட் கேட்கிறார்கள். நேராக அதிலேயே இறங்கலாமா?
– வாசகர், ஓசூர்

இறங்காதீர்கள். ரியாக்ட் தனி மொழி அல்ல, 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். அர்ரே எனும் பட்டியலில் வேலை செய்யும் மேப், ஃபில்டர் இரண்டையும் எதையும் பார்க்காமல் எழுத வரும் வரை அதைத் தொட வேண்டாம். அதற்குமுன் தொட்டால், வந்த பிழை ரியாக்டுடையதா ஜாவாஸ்கிரிப்டுடையதா என்றே பிரித்துப் பார்க்க முடியாது.

பெயர்ப் பெட்டியில் பத்து எழுத்து வரம்பு வைத்தேன். மீனாட்சிசுந்தரம் என்று அடித்தால் 'மீனாட்சிசு'வோடு நின்றுவிடுகிறது. எழுத்து ஒன்பதுதானே?
– ஆசிரியை, திருமங்கலம்

நமக்கு ஒன்பது, ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதினாறு. கம்ப்யூட்டரில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் மீ என்பது ம ஒன்று, நெடில் குறி ஒன்று என இரண்டு. ட் என்பதில் புள்ளியும் தனி. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானும் 5 என்கின்றன. பிஹெச்பியின் எஸ்டிஆர்லென் 15 என்கிறது. அது பைட்டை எண்ணுகிறது, யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் மூன்று பைட். அங்கே எம்பி என்று தொடங்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் 5 வரும்.

நாம் எண்ணுவதுபோல 3 வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. அதிலும் க்ஷ, ஸ்ரீ இரண்டும் இரண்டிரண்டாகவே எண்ணப்படும். பெயர்ப் பெட்டிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், வரம்பை 60 என்று வையுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா வரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது விட்டுப்போனால் சில பிரவுசரில் மீனாட்சிசுந்தரம் முழுவதுமே புரியாத குறிகளாகிவிடும்.