உப்பு மாவு நட்சத்திரம் ஏன் வேர்க்கிறது? 28 பிள்ளைகளுக்கும் 6 ஆசிரியர்களுக்கும் கைவேலைக் கிறிஸ்துமஸ் பரிசு

கேள்வி: நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். மகள் தேசியப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் அவளைத் தவிர 28 பிள்ளைகள், பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் 6 பேர், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் உண்டு. சென்ற ஆண்டு யூடியூப் பார்த்து உப்பும் கோதுமை மாவும் பிசைந்து நட்சத்திரம் செய்து சாயம் பூசிக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் ஈரம் கசிந்து பிசுபிசுத்து, சாயம் ஒழுகி, எறும்பும் வந்துவிட்டது. "உன் ஸ்டார் வேர்க்குது" என்று ஒரு பையன் கேலி செய்தானாம். இந்த ஆண்டும் கையால்தான் செய்ய வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். 60 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்ன செய்யலாம்?

பதில்:

அந்தப் பையன் சொன்னது சரிதான், உங்கள் நட்சத்திரம் வேர்க்கத்தான் செய்தது. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றில் இருக்கும் தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கிவிடும். கடையில் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போட்டு வைப்பார்களே, அதே காரணம்தான். நீங்கள் பார்த்த வீடியோ குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டுக் காற்றையே உலர்த்திவைக்கும் ஊர்க்காரர் எடுத்ததாக இருக்கும். நமக்கோ அக்டோபர், நவம்பரில்தான் மேற்குக் கரைப் பக்கம் மழை கொட்டுகிறது. துவைத்த துணியே மூன்று நாள் கொடியில் கிடக்கும் வீட்டில் உப்பு மாவு எப்படிக் காயும்? நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன், 40 மணிகள், பசை போட்டுப் பளபளப்பு ஏற்றி டின்னில் அடுக்கி வைத்து, திறந்து பார்த்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டி. அப்படியே தூக்கிப் போட்டேன்.

அதனால் உப்பை விடுங்கள். சோடா மாவு போதும்.

ஆப்பச் சோடா 2 கப், சோளமாவு 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். சோடாவைச் சின்னப் பெட்டியாக வாங்காதீர்கள், கேக் பொருள் விற்கும் கடையில் கிலோ கணக்கில் எடுத்தால் மலிவு. மூன்றையும் அடுப்பில் வைப்பதற்கு முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, மிதமான தீயில் மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் சில நிமிடம் பால் மாதிரி ஒன்றும் ஆகாமல் இருக்கும், கை வலிக்கும், "இது ஆகாது போல" என்று தோன்றும் நேரத்தில் திடீரென்று அடியில் திரளத் தொடங்கும். கொழுக்கட்டை மாவு பதம் வந்து பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டதும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் அடுப்பில் விட்டால் காயும்போது வெடிக்கும். ஈரத்துணி போட்டு மூடி ஆறவைத்து, சப்பாத்தி மாவு போல நன்றாகப் பிசைந்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து பிஸ்கட் அச்சால் வெட்டுங்கள். இந்த அளவு மாவில் நடுத்தர நட்சத்திரம் 30 வரை வரும். உடைவதற்கும் சேர்த்து இரண்டு தடவை மாவு கிளறிக்கொள்வது நல்லது.

கயிறு கோக்கும் துளையை மாவு ஈரமாக இருக்கும்போதே உறிஞ்சுகுழலால் குத்திவிட வேண்டும், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி. காய்ந்த பிறகு துளை போடலாம் என்று விட்டுவிட்டால் பாதி உடையும், இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

காயவைப்பதில்தான் இருக்கிறது விஷயம். தட்டில் பரப்பாதீர்கள், அடிப்பக்கம் காயாமல் ஓரம் மட்டும் காய்ந்து வளைந்துகொள்ளும். கம்பித் தட்டில் வைத்து மின்விசிறிக்குக் கீழே, ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டால் இரண்டு நாளில் எலும்பு வெள்ளையில் வந்துவிடும். விடாத மழை என்றால் ஓவனில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்புறம் வார்னிஷ், அக்ரிலிக் வகை, முன்னும் பின்னும் ஓரமும் துளைக்குள்ளேயும் இரண்டு கோட். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து பூசச் சொல்வார்கள், நம் ஈரத்தில் அது திரும்ப ஒட்டும். சாயமே வேண்டாம் என்பது என் கருத்து. இந்த மாவின் வெள்ளையே அழகு, வெட்டுவதற்கு முன் அதன்மேல் ஓர் இலையின் நரம்புப் பக்கத்தை வைத்து உருட்டி அழுத்தினால் கோடு கோடாகப் பதியும், மகள் பின்பக்கம் மார்க்கரால் ஒவ்வொருவர் பெயரும் எழுதட்டும். 28 பேருக்கு 28 விதமாகச் செய்யக் கிளம்பாதீர்கள், எட்டாவதிலேயே பிள்ளை சலித்துப்போகும், மீதி இருபதும் உங்கள் தலையில்தான் விழும்.

நட்சத்திரம் மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை எல்லாருக்கும் பொதுவாகவும் போகும். சிலுவையும் சம்மனசும் (தேவதூதர்) நம் வீட்டு மரத்துக்கும் கோயில் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும். முஸ்லிம் பிள்ளையின் அம்மா அதை வீட்டில் எங்கே மாட்டுவது என்று சங்கடப்படுவதை நாம் ஏன் உண்டாக்க வேண்டும்? கூடவே தின்பண்டம் வைப்பதானால் வீட்டுப் பலகாரம் வேண்டாம், ஹலால் முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட் வையுங்கள். உங்கள் முறுக்கு எவ்வளவு ருசி என்றாலும்.

சரி, ஆசிரியர்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மக் வாங்காதீர்கள். என் அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, மே 16 ஆசிரியர் தினத்துக்கு வந்த மக்குகளை அடுக்கவே வீட்டில் தனி அலமாரி இருக்கிறது, அதில் ஒன்றில்கூட அவர் தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. விலையுயர்ந்த பொருளும் வேண்டாம். ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள், பரிசு வாங்குவதற்கு 1993-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளில் கட்டுப்பாடு உண்டு, கைவேலைக்கு அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் தோட்டத்தில் இருப்பதால் ஈப்போக்காரருக்குக் கிடைக்காத ஒரு சாமான் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: ரப்பர் இலை. எங்கும் செம்பனை ஆகிவிட்டது, தெரியும், ஆனாலும் சிறுதோட்டக்காரர் யாராவது பால்மரம் வைத்திருப்பார், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறியுங்கள். (உங்கள் பக்கத்துக் கோலாகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகம் அருகே நிற்கிறது. அதில் கை வைத்துவிடாதீர்கள்!) ரப்பர் ஜனவரிக்குப் பிறகுதான் இலை உதிர்க்கும், ஆகவே நவம்பரில் இலை முற்றிக் கெட்டியாக, நரம்பெடுக்க, அதாவது சதையை நீக்கி நரம்பு வலையை மட்டும் பிரித்தெடுக்க, தோதாக இருக்கும். ஒரு காம்பில் மூன்று இலை, அதிலேயே ஒரு சம்மனசு முழுதாக இருக்கிறது: இரண்டு இலை சிறகு, நடு இலை அங்கி.

நரம்பெடுக்க இரண்டு வழி. வாளித் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறப்போட்டுச் சதையை அழுகவிடுவது பழைய வழி. நாற்றம் ஒருபக்கம் இருக்கட்டும், வாளியை இறுக மூடாவிட்டால் பத்து நாளில் ஏடிஸ் கொசு வளர்த்தவர் ஆகிவிடுவீர்கள், 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி சுகாதாரத் துறை அபராதமும் போடும். சலவைச் சோடாவில் வேகவைப்பதே மேல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கப் சலவைச் சோடா, 25, 30 சின்ன இலை, மெல்லிய கொதியில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியச் சட்டியை இந்தச் சோடா அரித்துவிடும், அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்கவும் வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், இந்த இடத்தில் பிள்ளைக்கு வேலை கிடையாது.

இலை பழுப்பாகி, விரலால் தொட்டால் வழுக்கும் பதம் வந்ததும் எடுத்து அலசி, தட்டையான பீங்கான் தட்டில் முதுகு மேலே இருக்கும்படி விரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மென்மையான பழைய டூத்பிரஷால் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கிப் போனால் சதை பச்சைப் பாசி மாதிரி கழன்று மிதக்கும், அடியில் கொசுவலையைவிட மெல்லிய ஒரு வலை தெரியும். முதல் ஐந்து கிழியும், அதற்காகத்தான் முப்பது இலை. துணி வெளுக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து சில நிமிடம் போட்டால் வெள்ளையாகும், நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, செய்தித்தாள் நடுவில் வைத்துப் புத்தகப் பாரம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். வெளுக்கும் திரவத்தோடு வினிகரோ வேறு எந்தக் கழுவும் திரவமோ சேர்க்கவே கூடாது.

நடு இலையைப் புந்தோங் கச்சாங் பூத்தே வியாபாரி கடலைக்குக் காகிதம் சுருட்டுவாரே, அதுபோலக் கூம்பாகச் சுருட்டி ஒட்டுங்கள். கூர்முனை மேலே. முதுகில் இரண்டு சிறகு. தலைக்கு ரப்பர் கொட்டை, சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைத்து அலறவிடுவோமே, அதே கொட்டைதான். புதுக் கொட்டையை அப்படியே ஒட்டினால் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பருப்பு பூஞ்சை பிடிக்கும், பூச்சி வைக்கும். வெயிலில் போட்டு, காதருகே ஆட்டினால் கலகல என்று பருப்பு உருளும் வரை காயவிட்டுச் சின்னத் துரப்பணத்தால் மேலிருந்து கீழ் துளையிட்டு நூல் கோத்தால், கனம் நூலுக்கு நேர் கீழே நின்று பொம்மை சாயாமல் தொங்கும். பருப்பில் சயனைடு உண்டாக்கும் நஞ்சு இருக்கிறது, வீட்டில் வாயில் போடும் வயதில் குழந்தை இருந்தால் கொட்டைக்குப் பதில் மரமணி போடுங்கள்.

இது கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கு. மற்றவர்களுக்கு அதே நரம்பிலையை நிற அட்டையில் வைத்து லேமினேட் செய்து புத்தக அடையாளமாக்கிக் கொடுங்கள், தீபாவளி ரவிக்கை தைத்த தையற்கடையில் மிஞ்சிய சரிகைத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள், மேலே குஞ்சம் கட்டலாம். கூட வெண்பலகை மார்க்கர் ஒன்று, கறுப்பு. ஆசிரியர் அறையில் அதுதான் எப்போதும் காணாமல் போகும் பொருள் என்று அக்கா சொல்வார். பிறகு மகள் கையால் நாலு வரி, "எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு புரிந்தது உங்களால்தான்" என்பதுபோல அந்த ஆசிரியருக்கு மட்டுமே பொருந்தும் வரியாக இருக்கட்டும். மலாய் ஆசிரியருக்கு மலாயில் எழுதட்டும், பிழை இருந்தாலும் திருத்தாதீர்கள்.

உங்கள் வீட்டு மரத்துக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். சீனப் பெருநாளில் பணம் வைத்து வந்த சிவப்பு அங்பாவ் உறையும் நோன்புப் பெருநாளின் பச்சை உறையும் எங்காவது இழுப்பறையில் கிடக்கும். இரண்டையும் விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டி, எட்டுத் துண்டை அடுக்கி இரு முனையிலும் ஊசிநூல் கோத்து முடிச்சிட்டு, நடுவை வளைத்து விசிறிபோல விரித்தால் உருண்டை விளக்கு. இதை மூன்றாம் ஆண்டுப் பிள்ளை தனியாகவே செய்யும்.

இன்னொன்று, நாள். இடையில் சில ஆண்டுகள் பள்ளித் தவணை மார்ச்சில் தொடங்கியதால் டிசம்பரில் பள்ளி இருந்தது. 2026-இல் மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது, ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் விழுகிறது. உங்கள் கெடு டிசம்பர் 25 இல்லை, கடைசிப் பள்ளி வாரம். பள்ளி நாட்காட்டியில் அதைப் பார்த்து மூன்று வார இறுதி பின்னால் எண்ணித் தொடங்குங்கள்: முதல் வாரம் மாவு, இரண்டாவது வாரம் இலை, மூன்றாவது வாரம் பெயரும் கயிறும். நடுவில் ஒரு வாரம் யாருக்காவது காய்ச்சல் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

முடிந்த நட்சத்திரங்களைச் சின்ன ஜிப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காற்றை அழுத்தி மூடி, மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா பை இரண்டு போட்ட டப்பாவில், பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பள்ளிக்குக் கொண்டுபோகும் நாளில் புத்தகப் பையில் திணித்தால் பஸ் குலுக்கலில் கூர்முனை எல்லாம் போய்விடும். 30 முட்டை வைக்கும் அட்டைத் தட்டு ஒன்று மளிகைக்கடையில் கேட்டு வாங்கி, குழிக்கு ஒன்றாகச் செங்குத்தாகச் சொருகி மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கட்டுங்கள். 28 பேருக்கு 28, மீதி இரண்டு குழியில் பெயர் எழுதாத நட்சத்திரம் இரண்டு, மார்க்கரையும் மகளிடம் கொடுத்தனுப்புங்கள்.