எழுதியவர் நினைக்காததைப் பாடியவர் கண்டால்

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் நான்கு குரல்களுக்காக ஒரு சேர்ந்திசைப் பாடலை எழுதினேன். அதைப் பாடிவரும் குழுவின் நடத்துநர், பாடகர்கள் எழுதிய குறிப்புகளை அண்மையில் எனக்கு அனுப்பிவைத்தார். ஆல்டோ (பெண்குரல்களில் தாழ்ந்தது) பாடும் ஒருவர், மற்ற மூன்று குரல்களும் ஓய, ஆல்டோ மட்டும் ஒரே ஸ்வரத்தில் எட்டு பார் (தாள அளவு) நிற்கும் இடத்தைக் குறிப்பிட்டு, தாயை இழந்த நாட்களில் தம்மைத் தாங்கியது அந்த இடம்தான் என்று எழுதியிருக்கிறார். நானோ, அடுத்த ஸ்கேலுக்குப் போக வழி வேண்டுமே என்று அவசரத்தில் எழுதிய இடம் அது. இந்த நன்றியை ஏற்பது ஏமாற்று வேலை ஆகாதா? அவருக்கு என்ன பதில் எழுதுவது?

பதில்: அந்த எட்டு பாரை ஒருமுறை பாடுகிறவரின் பக்கம் நின்று பாருங்கள். மெதுவான காலப்பிரமாணத்தில் அவ்வளவு நீண்ட கார்வை ஒருவருடைய மூச்சில் அடங்காது. ஆகவே, ஒருவர் குரலைச் சன்னமாக்கி விலகும்போது பக்கத்தில் நிற்பவர் ஸ்வரத்தை விடாமல் பிடித்திருக்கவும், மூச்சு நிரம்பியதும் விலகியவர் ஓசைப்படாமல் வந்து சேர்ந்துகொள்ளவும், அவையில் இருப்பவர்களுக்கு அறுபடாத ஒரே நாதமாகக் கேட்கவும் அவர்கள் ஒத்திகை பார்த்திருப்பார்கள். தொண்டை அடைத்து ஒருவர் நடுவில் நின்றுபோனாலும் அங்கே ஸ்வரம் நிற்காது. உங்கள் தாளில் இருப்பது நீட்டிப் பிடிக்க வேண்டிய ஒரு ஸ்வரம். விட்டவரின் இடத்தை அடுத்தவர் நிரப்பும் ஏற்பாடு அவர்களுடையது. எனவே அவர் சொல்லும் நன்றியில் ஒரு பங்கு அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கும் சேர வேண்டியது. அதை நீங்கள் மனதாரச் சொல்லலாம்.

மற்றொரு பங்கு உங்களுடையதுதான். ஸ்கேல் மாறுவதற்காக நீங்கள் பிடித்துவைத்தது, இரண்டு ஸ்கேலுக்கும் பொதுவான ஸ்வரமாகத்தான் இருக்க வேண்டும். பழைய ஸ்கேலில் பஞ்சமமாக நின்ற ஸ்வரம், மற்ற குரல்கள் புதிய ஆதாரத்தோடு திரும்பி வந்ததும், தான் இம்மியும் அசையாமலே காந்தாரமாக ஒலிக்கலாம். ஆதார ஸ்வரத்தை மாற்றி அதே ஸ்வரங்களை வேறு ராகமாக ஒலிக்கச் செய்யும் கிரக பேதத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. சுற்றிலும் எல்லாம் மாறிவிட, தாம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றிருப்பதை அந்தப் பாடகர் தம் குரலிலேயே உணர்ந்திருக்கிறார். வழி தேடி எழுதிய இடம் என்பதாலேயே அதற்கு இந்தக் குணம் வந்தது. அவசரத்தில் எழுதினாலும் கை கற்றதைத்தான் செய்யும். (ஆல்டோவுக்கு யாரும் மெட்டைக் கொடுப்பதில்லை என்பது சேர்ந்திசையில் பழைய குறை. உங்கள் பாட்டில் தற்செயலாகவேனும் அவர்களுக்கு எட்டு பார் கிடைத்திருக்கிறது.)

தம் படைப்பைப் பற்றி இசையமைப்பாளர் சொல்வதே முடிந்த முடிவு என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்த அவர் பியானோ, வயலின், செல்லோ, கிளாரினெட் ஆகியவற்றுக்காக எழுதிய நால்வர் இசை, 1941 ஜனவரி 15 அன்று கோர்லிட்ஸில் இருந்த முகாமிலேயே முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அன்று செல்லோவில் மூன்று தந்திகளே இருந்தன என்று மெசியான் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அதை வாசித்த பாஸ்கியேயோ, நான்கும் இருந்தன, மூன்றை வைத்துக்கொண்டு அந்த இசையை வாசிக்கவே முடியாது என்று மறுத்தார். மெசியான் அதே மேடையில் பியானோவில் அமர்ந்திருந்தவர். இருந்தும் செல்லோவைப் பற்றி நம்ப வேண்டியது அதைத் தொட்டு வாசித்தவரின் சொல்லைத்தான்.

வாசிப்பவரிடம் காது கொடுத்தவர்கள் இழந்ததும் இல்லை. 1890-இல் இனி எழுதுவதில்லை என்றிருந்த ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ், மறு ஆண்டு மைனிங்கன் நகரில் ம்யூல்ஃபெல்ட் என்ற கலைஞரின் கிளாரினெட்டைக் கேட்ட பிறகு அந்தக் கருவியைச் சேர்த்து மூவர் இசை ஒன்றும் ஐவர் இசை ஒன்றும் எழுதினார். 1894-இல் அதே கருவிக்கு இரண்டு சொனாட்டாக்களும் வந்தன.

ஆகவே பதில் எழுதுங்கள், தாமதிக்காமல் எழுதுங்கள். சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய இழப்புக்கு இரண்டு வரி. அதன் பின், உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவரிடம் கேளுங்கள்: எங்கே மூச்சு மாற்றிக்கொள்கிறார்கள், மற்ற குரல்கள் திரும்பி வரும்போது சுருதியில் நிற்பது கடினமாக இருக்கிறதா என்பது போல. அவசரத்தில் எழுதியதை நீங்களாக அறிவிக்க வேண்டாம். அவர் கேட்காத அந்தத் தகவல் உங்கள் மனச்சுமையை இறக்குமே தவிர, அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. என்றைக்காவது அவரே கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அந்த ஸ்வரம் இரண்டு ஸ்கேலுக்கும் பொதுவானது என்பதையும் சேர்த்து.

இந்தக் கடிதத்தின் வேகத்தில் எட்டு பாரைப் பதினாறாக்கிவிடாதீர்கள். பாட்டை மறுபடி அச்சிடும்போது அந்தக் குழு மூச்சு மாற்றும் இடங்களைக் கேட்டுக் குறித்தால் போதும். நிகழ்ச்சிக் குறிப்பில் அவருடைய வரிகளைச் சேர்க்க உங்களுக்கோ நடத்துநருக்கோ ஆசை வரக்கூடும். அவர் சம்மதம் எழுத்தில் வரும்வரை அதைத் தொடாதீர்கள்; பெயரை நீக்கிவிட்டாலும், உடன் பாடுகிறவர்களுக்கு அது யார் என்று தெரிந்துவிடும்.