வெல்வெட்டின் வாட்டம் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு எடுத்த மெரூன் வெல்வெட்டில் ஒன்றரை மீட்டர் மிச்சம். அதில் கொஞ்சத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு ஒரு குஷன் உறை தைக்கலாம் என்று இறங்கினேன். ஒரே துணிதான், ஆனால் தைத்து முடித்துப் பார்த்தால் சில சதுரம் கருமெரூன், சில சதுரம் வெளிறிப்போன மாதிரி. போதாததற்கு ஒவ்வொரு தையலிலும் மேல் துணி நழுவி, கடைசியில் அரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. தையலைப் படிய வைக்கலாம் என்று அயர்ன் பண்ணினேன், பெட்டியின் மூக்கு அப்படியே பளபளவென்று அச்சாக விழுந்துவிட்டது. வெல்வெட்டில் நம்மைப் போன்றவர்கள் புதிதாக எதுவும் செய்து பார்க்க முடியாதா? பேசாமல் கல் ஒட்டி ஒப்பேற்றிவிடட்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகி, விருதுநகர்
(பெயர் போட வேண்டாம் அக்கா)

*

அன்புள்ள தங்கைக்கு,

கல் ஒட்ட வேண்டாம். உங்களுடைய மூன்று புகாரில் முதலாவது எனக்குப் புகாராகவே படவில்லை. சாயம் போடாமல், வேறு துணி வாங்காமல், ஒரே துணியில் இரண்டு நிறம் கிடைத்திருக்கிறது. வெல்வெட்டில் ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்றால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

தறியில் வெல்வெட்டைப் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு துணியாகச் சேர்த்தே நெய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் தனியாக ஒரு பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், மேலும் கீழும் போய் வந்து அவற்றைப் பிணைத்துக்கொண்டே வரும். நெய்யும்போதே நடுவில் ஒரு கத்தி ஓடி அந்த நூலை அறுக்க, இரண்டு வெல்வெட் தனித்தனியாகப் பிரியும். அறுபட்ட அந்த நூல் நுனிகள்தான் நாம் ஆசையாகத் தடவிப் பார்க்கிற ரோமம். அது செங்குத்தாக நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். டிவியில் கிரிக்கெட் மைதானத்தைப் பார்த்திருப்பீர்கள், ஒரு பட்டை கரும்பச்சை, அடுத்த பட்டை வெளிர்பச்சை. புல் ஒன்றுதான், வெட்டும் மெஷின் போன திசைக்குச் சாய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ரோமம் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும், கீழ்நோக்கி இருந்தால் வெளிச்சம் பட்டு வெளுக்கும். அதனால்தான் ஜாக்கெட்டுக்கு முன்பக்கம், முதுகு, கை எல்லாவற்றையும் ஒரே வாட்டத்தில், அதாவது ரோமம் ஒரே பக்கம் சாய்கிற மாதிரி, வெட்டச் சொல்வது.

குஷனுக்கு அந்தச் சட்டம் தேவையில்லை. வேண்டுமென்றே மீறுங்கள். துணியைக் கவிழ்த்துப் போட்டு, மடிக்காமல் ஒற்றையாகவே வைத்து, பின்பக்கம் சாக்கால் 12 சென்டிமீட்டர் சதுரங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ரோமம் சாய்கிற திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு வெட்டுங்கள். அம்பு இல்லாவிட்டால் வெட்டியதும் எது மேல் எது கீழ் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். இப்போது ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று மாற்றி மாற்றி அடுக்கினால் சதுரங்கப் பலகை வரும். இடம் வலமாகவும் திருப்பி வைத்தால் நடுத்தரமான சாயல்களும் சேர்ந்துகொள்ளும். ஒரே மெரூன், ஒரே கட் பீஸ். குஷனைத் தலைகீழாகத் திருப்பினால் கறுப்பும் வெளுப்பும் இடம் மாறும், எந்தப் பிரிண்ட் துணியிலும் கிடைக்காத விளையாட்டு இது.

சரி, நழுவல். இரண்டு துணியின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வைத்ததும் ரோமமும் ரோமமும் உரசி ஒன்றையொன்று தள்ளும், கீழ்த்துணியை மெஷினின் பல் இழுக்கும், மேல் துணியை ஃபுட் அமுக்கிப் பிடிக்கும், பிறகு எப்படி இரண்டும் சமமாக வரும்? குண்டூசியை நம்பாதீர்கள். மெல்லிய ஊசியால் கையில் கச்சாத் தையல், அதாவது பிறகு உருவிவிடுகிற தற்காலிகத் தையல், போடுங்கள், தையல் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு வரிசை. அலுப்பான வேலைதான், ஆனால் பிரித்துத் தைப்பதைவிட இது சீக்கிரம் முடியும், பிரித்தால் ஊசித்தடம் வேறு தெரியும். பழைய கால்மெஷினில் ஃபுட் கம்பிக்கு மேலே ஒரு திருகு இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்தினால் அமுக்கம் குறையும். தையல் 3 மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கட்டும், முடிந்த இடத்திலெல்லாம் ரோமம் சாய்கிற திசையிலேயே ஓட்டுங்கள். தைத்து முடித்ததும் பாபின் பக்கம் திறந்து பாருங்கள், மெரூன் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும். பிரஷால் தள்ளிவிட்டு எண்ணெய் ஒரு சொட்டு.

நீங்கள் வாங்கியது நெய்த வெல்வெட் என்று வைத்துக்கொண்டுதான் இதெல்லாம். இழுத்தால் நீள்கிற ஸ்ட்ரெச் ரகம் பனியன் துணி மாதிரி பின்னியது, அதற்கு ஊசியே வேறு, உருண்டை முனை உள்ளது.

மெஷினே வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, சொல்லப்போனால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பின்பக்கம் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிக்கோலம் போலப் புள்ளி வைத்துக்கொண்டு, குறுக்காக இரண்டிரண்டு புள்ளியைக் கைத்தையலால் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நூலை இழுத்துவிடாமல் தளர்வாக விட வேண்டும், அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் பின்னல் போட்டது போல மடிப்புகள் எழும்பி நிற்கும். காட்டனில் செய்தால் சுமாராக இருக்கும். வெல்வெட்டில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு பக்கம் இருண்டு மறுபக்கம் மின்னுகிறது, அதைப் பார்க்க வேண்டும் நீங்கள். துணி நிறைய இழுக்கும், முடிந்த அளவைப் போல ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த அயர்ன் தடம். நல்ல பக்கத்தில் பெட்டி படவே கூடாது. இன்னொரு வெல்வெட் துண்டை முகம் மேலே தெரியப் போட்டு, உங்கள் துணியை அதன்மேல் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து ஆவி மட்டும் காட்டி, விரலால் தையலை நீவிவிடுங்கள். விழுந்த தடத்துக்கும் ஆவி காட்டி மென்மையான பிரஷால் எதிர்வாட்டத்தில் தடவிப் பாருங்கள். படுத்த ரோமம் என்றால் எழும்பும். பாலியஸ்டர் உருகியிருந்தால் எழும்பாது, அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

எது என்று தெரிய, ஓரத்திலிருந்து நாலு இழை உருவி இடுக்கியில் பிடித்து ஒரு தட்டின் மேல் கொளுத்துங்கள். உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் பாலியஸ்டர். காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலானால் ரேயான் அல்லது காட்டன். ரேயான் வெல்வெட் என்றால் அதிர்ஷ்டம், இதே தடத்தை வேலையாகவே ஆக்கலாம். ஆழமாகச் செதுக்கிய அச்சுக்கட்டையின் மேல் துணியைக் கவிழ்த்து, பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஆவி இல்லாத சூட்டில் பெட்டியைத் தேய்க்காமல் ஒரே இடத்தில் 15 நொடி அமுக்குங்கள். ரோமம் படுத்து, மாங்காயோ பூவோ பளபளப்பாகப் பதிந்திருக்கும். தண்ணீர் பட்டால் ரோமம் மறுபடி எழும்பப் பார்க்கும், அதனால் அடிக்கடி துவைக்கும் பொருளுக்கு வேண்டாம். ஸ்பெயினில் 1871-இல் பிறந்து வெனிஸில் பட்டறை வைத்திருந்த மரியானோ ஃபார்ச்சூனி, பழைய இத்தாலிய வெல்வெட்டுகளின் வேலைப்பாட்டைத் தறியில் நெய்யாமல், வண்ணத்தையும் உலோகப் பொடியையும் வெல்வெட்டின் மேல் அச்சிட்டே கொண்டுவந்தார். அவர் துணிகள் இன்று மியூசியங்களில் இருக்கின்றன. வெல்வெட்டில் புதிதாக எதுவும் செய்ய முடியாதா என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

உங்கள் மிச்சத் துணியில் முதலில் சதுரங்கப் பலகையைத் தையுங்கள், சதுரங்கள் ஏற்கெனவே பாதி தயார். முடித்ததும் படம் அனுப்புங்கள், ஆனால் ஃபிளாஷ் போட வேண்டாம், நேராக அடிக்கிற வெளிச்சத்தில் எல்லாச் சதுரமும் ஒரே மாதிரி ஆகிவிடும். காலையில் ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள்.

அன்புடன்,
அக்கா