எண்ணூர் அலையாத்திக் கன்றுகளுக்கு பாக்டீரியா கரைசல் ஊற்றலாமா?

எண்ணூர்க் கழிமுகத்தில் நட்ட அலையாத்திக் கன்றுகள் கருகுகின்றன, சேற்றில் அழுகிய முட்டை நாற்றம், பாக்டீரியா கரைசல் வாங்கி ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

நாற்றம் இயல்புதான்; காற்றில்லாத சேற்றில் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியா விடும் வாயு அது. என் சந்தேகமெல்லாம் எண்ணெய் மேல்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த பெட்ரோலிய எண்ணெய் அங்கே, அலையாத்தி மூச்சுவிடச் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேர்களில் அப்பியது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா சேற்றிலேயே உண்டு. அவற்றுக்குப் போதாதது ஆக்சிஜனும் தழைச்சத்தும். அவை பெருகினால் கன்றுக்கும் அதே பற்றாக்குறை.

குச்சியால் சேற்றைக் கிளறிப் பாருங்கள். தண்ணீரில் வானவில் படலம் வரலாம். குச்சி பட்டதும் சில்லுச் சில்லாக உடைந்தால் அது இரும்பு பாக்டீரியாவின் வேலை, பயமில்லை. உடையாமல் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய். சரி, அப்படியென்றால் நண்டு வளை நிறைய இருக்கும் பக்கமாக நடுங்கள். வளை வழியே சேற்றுக்குள் காற்று போகும்.