58 முடியும் முன்பே அரை நாள் வேலைக்கு மாறலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்பு தரம் பிரிக்கிறேன். வயது 57. 11 வருஷமாக பி.எஃப். பிடிக்கிறார்கள். சம்பளம் 10,400. இடுப்புவலி தாங்கவில்லை. பாதிச் சம்பளத்துக்கு அரை நாள் வரச் சொல்கிறார் முதலாளி. சரி என்று சொல்லட்டுமா?"

அரை நாள் வேலை உங்களுக்கு ஏற்றதுதான். ஆனால் இப்போது வேண்டாம். முதலில் கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விடும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடையை, வாங்கிவிடுங்கள்.

ஏனென்றால் கிராஜுவிட்டியைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். வருஷத்துக்கு 15 நாள் கூலி. 10,400-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 400. அடுத்த வருஷம் 12 வருஷம் முடியும்போது 72,000 ரூபாய் வரும். இப்போதே பாதிச் சம்பளத்துக்கு இறங்கினால், முழு நாளும் உழைத்த 11 வருஷத்துக்கும் சேர்த்துப் பாதிதான், 36,000. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பி.எஃப். வழியாக வரும் பென்ஷனிலும் இடிக்கும். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணி வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். முழுச் சம்பளத்தில் 58-ஐத் தொட்டால் மாதம் சுமார் 1,783. கடைசி வருஷம் பாதிச் சம்பளம் என்றால் 1,605. ஆயுளுக்கும் அந்தக் குறைவுதான்.

அதற்காக வலியோடு ஒரு வருஷம் உட்காருங்கள் என்று சொல்ல மாட்டேன். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) மருத்துவர் சான்று தந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலியோடு ஓய்வெடுக்கலாம். அதிலும் தீராவிட்டால், முறைப்படி ராஜினாமா கொடுத்து, முழுச் சம்பளக் கணக்கில் கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு, அப்புறம் புதிய ஆளாக அரை நாள் சேருங்கள். பென்ஷன் கொஞ்சம் குறையலாம். ஆனால் கிராஜுவிட்டி என்ற பெரிய தொகை குறையாமல் கைக்கு வரும்.

58 முடிந்ததும் வேலையில் இருந்துகொண்டே பென்ஷன் வாங்கலாம். அரை நாள் கூலியும் பென்ஷனும் சேர்ந்து வருவது அப்போதுதான். ஆனால் வீட்டுக்குக் கொட்டை வாங்கி உடைக்கும் வேலைக்கு மாறாதீர்கள், அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை.

இந்த வாரமே ஒன்று பாருங்கள்: ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா? ஞானஸ்நானப் பதிவில் ஒரு தேதி, ஆதாரில் வேறு தேதி என்பது நம் பக்கத்தில் சகஜம். மாறியிருந்தால், வேலையில் இருக்கும்போதே முதலாளி வழியாகத் திருத்தி, நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.